உஸ்தாஜ்லுகள்: ஷாக்களை அரியணை ஏற்றியவர்கள் ஏன் ஷா ஆகவில்லை?

ஆற்றங்கரையான்

பாரசீகத்தை (இன்றைய ஈரானை) ஆண்ட சஃபவிப் பேரரசைப் பற்றி இங்கே பேச்செடுத்தாலே ஷா அப்பாஸ், இஸ்ஃபஹான், நீல ஓடு பதித்த பள்ளிவாசல்கள் என்று போய்விடுகிறது. அந்த அரசை வாளால் உண்டாக்கிய துருக்கியக் குலங்கள் ஓரிரு வரியோடு நின்றுவிடுகின்றன. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. எல்லாக் குலங்களையும் ஒரே இழையில் இழுத்தால் சிதறிவிடும் என்பதால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: உஸ்தாஜ்லு.

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: சஃபவி சூஃபி குருமரபின் வாரிசாக, காஸ்பியன் கரையிலுள்ள கீலானில் ஒளிந்து வளர்ந்த சிறுவன் இஸ்மாயில் 1499-இல் வெளியே வந்தான். மறு ஆண்டு கிழக்கு அனத்தோலியாவின் எர்சிஞ்சானில் அவன் முகாமிட்டபோது வயது பதின்மூன்று. அங்கே சுமார் 7,000 சீடர்கள் திரண்டார்கள். உஸ்தாஜ்லு, ஷாம்லு, ரூம்லு, தெக்கெலு, சுல்கதர், அஃப்ஷார், கஜார், வர்சாக் என்று பல குலத்தார். பன்னிரண்டு இமாம்களைக் குறிக்கும் பன்னிரண்டு மடிப்புச் சிவப்புத் தொப்பி அணிந்ததால் எல்லாருக்கும் பொதுப்பெயர் கிசில்பாஷ், அதாவது செந்தலையர். 1501-இல் ஷரூர் போரில் ஆக் கொயுன்லு அரசன் அல்வந்தைத் தோற்கடித்து, தப்ரீஸில் இஸ்மாயிலுக்கு முடி சூட்டினார்கள்.

அதிலிருந்து 1589 வரை சஃபவி அரியணை ஆட்டங்கண்ட ஒவ்வொரு முறையும் உஸ்தாஜ்லுகள் அருகில் நின்றிருக்கிறார்கள். 1526 உள்நாட்டுப் போரில் ஒரு தரப்பே அவர்கள்தான். 1576-இல் ஒரு இளவரசனை ஷா ஆக்க முயன்று அழிந்தார்கள். 1587-இல் இன்னொரு இளவரசனை உண்மையிலேயே ஷா ஆக்கினார்கள். அவர்தான் ஷா அப்பாஸ்.

ஆனால் பிற்காலத்தில் பாரசீகத்தை ஆண்ட கிசில்பாஷ் குலங்கள் அஃப்ஷாரும் கஜாரும். உஸ்தாஜ்லு இல்லை. ஏன்?

என் கருத்து இது: அவர்களுடைய அதிகாரம் மண்ணில் வேர் விட்டதல்ல. இளவரசனை மடியில் வைத்து வளர்க்கும் உரிமையில் இருந்தது. அந்த உரிமை போனதும் குலமே ஒளி இழந்தது. மறுப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

வேல்முனை

நல்ல இழை, அண்ணா. ஆனால் அவர்களுக்கு மண்ணே இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. இருந்தது, பறிபோனது.

இஸ்மாயில் தியார்பக்கீரைப் பிடித்ததும் அதை முகமது கான் உஸ்தாஜ்லுவிடம்தான் ஒப்படைத்தார். உஸ்மானிய எல்லையை ஒட்டிய பெரிய மாகாணம். உஸ்தாஜ்லுகளின் பூர்வீகமான சிவாஸ், அமாஸ்யா பக்கத்து ஆட்களைக் கூட்டிக்கொள்ள வசதியான இடம். ஒரு தலைமுறை அங்கே நிலைத்திருந்தால் கதையே வேறு.

1514 ஆகஸ்ட் 23, சல்திரான். உஸ்மானியப் படை மலையிறங்கி வந்து, வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்து, பீரங்கிகளை நிறுத்துவதற்கு முன்பே பாய்ந்துவிட வேண்டும் என்று முகமது கானும் நூர் அலி கலீஃபா ரூம்லுவும் சொன்னார்கள் என்கின்றன நாளாகமங்கள். இருவரும் உஸ்மானியரோடு நேரில் மோதிப் பழகியவர்கள். துர்மிஷ் கான் ஷாம்லு அதெல்லாம் வீரனுக்கு அழகல்ல என்றார். ஷா அவர் பக்கம் சாய்ந்தார். எதிரி அணிவகுக்கும்வரை காத்திருந்தார்கள். குதிரைப்படை பீரங்கிக்கு இரையானது. முகமது கான் களத்திலேயே மாண்டார். அவர் தம்பி கரா கான் 1516-இல் மார்தீன் அருகே விழுந்தார். தியார்பக்கீர் உஸ்மானியர் கைக்குப் போனது. அதோடு சொந்த மண் என்று சொல்லிக்கொள்ள உஸ்தாஜ்லுகளுக்கு இருந்த ஒரே பெரிய நிலப்பரப்பும் போனது.

உங்கள் கருத்தின் வேர் 1514-இல் இருக்கிறது என்பேன். மண் போன பிறகுதான் அரண்மனையைப் பிடித்துத் தொங்கினார்கள்.

சாம்பல்குருவி

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். இஸ்மாயிலைத் தெய்வ அம்சமாகவே பார்த்தாங்க, கவசம் இல்லாமலே போருக்குப் போனாங்கன்னு படிச்சிருக்கேன். அப்படிப்பட்ட சீடர்கள் எப்படி ஷாவின் கண் முன்னாடியே ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கிட்டாங்க? பக்தி எங்கே போச்சு?

நூலகத்தெரு

குருவி, கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

பக்தி ஷாவின் மேல். ஆனால் ஷா குழந்தையாக இருந்தால் கட்டளை யார் வாயிலிருந்து வரும்? 1524-இல் இஸ்மாயில் இறந்தபோது தஹ்மாஸ்புக்குப் பத்து வயது. இங்கே லாலா முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். சஃபவிகள் ஒவ்வொரு இளவரசனையும் சிறு வயதிலேயே ஒரு மாகாணத்துக்கு ஆளுநராக அனுப்பினார்கள். கூடவே ஒரு கிசில்பாஷ் அமீர், அதாவது குலத் தளபதி, லாலாவாகப் போவார். பெயரளவில் ஆள்வது பிள்ளை. வரி வாங்குவது, படை நடத்துவது, பிள்ளைக்கு வில்லும் எழுத்தும் சொல்லித்தருவது எல்லாம் லாலா. அந்தப் பிள்ளை ஷா ஆனால் லாலாவின் குலமே மேலே வரும்.

தஹ்மாஸ்பின் லாலா தீவ் சுல்தான் ரூம்லு. சல்திரானுக்குப் பிறகு அமீருல் உமராவாக, அதாவது அமீர்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவர் சாயான் சுல்தான் உஸ்தாஜ்லு. அவருக்குப் பின் அவர் மகன். ஆகவே தலைமை தங்கள் வீட்டுச் சொத்து என்றே உஸ்தாஜ்லுகள் நினைத்திருந்தார்கள். கோபெக் சுல்தான் உஸ்தாஜ்லு, தீவ் சுல்தான் ரூம்லு, சூஹா சுல்தான் தெக்கெலு மூவரும் சேர்ந்து ஆள்வதாக ஓர் ஏற்பாடு நடந்தது. பிறகு மற்ற இருவரும் சேர்ந்து கோபெக்கை ஓரங்கட்டி, உஸ்தாஜ்லுகளின் மானிய நிலங்களில் கைவைத்தார்கள். 1526-இல் போர் வெடித்தது. உஸ்தாஜ்லுகள் தோற்றார்கள். 1527-இல் கோபெக் கொல்லப்பட்டார்.

அதே ஆண்டு சூஹா சுல்தானின் தூண்டுதலில் தீவ் சுல்தானும் ஒழிக்கப்பட்டார். அடுத்து சூஹாவை ஷாம்லுகள் முடித்தார்கள். 1531-இல் தெக்கெலுகள் கூட்டமாக வெட்டப்பட்டார்கள். அந்த ஆண்டை 'தெக்கெலு பேரிடர்' என்ற பாரசீகத் தொடரின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் ஆண்டு வரும்படி குறித்து வைத்தார்கள். பிறகு ஹுசைன் கான் ஷாம்லு கொஞ்ச காலம். அவரையும் கொன்ற பிறகுதான் தஹ்மாஸ்ப் சொந்தக் காலில் நின்றார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்குமா என்பதே சந்தேகம்.

கவனியுங்கள், இத்தனை பேரில் ஒருவரும் "நானே ஷா" என்று சொல்லவில்லை. சண்டை முழுவதும் ஷாவுக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்பதற்காக. உன் கேள்விக்கு அதுதான் பதில், குருவி. பக்தி போகவில்லை. அந்தப் பக்திதான் சண்டைக்கு எல்லை கட்டியது.

பழையசாலை

இரண்டு விஷயம் சேர்க்க விரும்புகிறேன்.

ஒன்று, 1526 போரைப் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி ஹசன் பேக் ரூம்லு வழியாக வருகிறது. அவர் தாத்தா ரூம்லு அமீர். கோபெக் சுல்தான் அவர் குலத்தின் எதிரி. பின்னால் அப்பாஸ் காலத்தை எழுதிய இஸ்கந்தர் பேக் முன்ஷியோ துருக்மான் குலத்துக்காரர், அரண்மனை எழுத்தர். நம் கைக்கு வந்த பெரிய நாளாகமங்கள் உஸ்தாஜ்லு கையால் எழுதப்பட்டவை அல்ல. "அகந்தை பிடித்த உஸ்தாஜ்லு அமீர்" என்று எங்காவது படித்தால் எழுதியவர் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

இரண்டு, கிசில்பாஷ்கள் தங்களுக்குள் மட்டும் முட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் எல்லாரும் சேர்ந்து எதிர்த்தது பாரசீக மொழி பேசிய எழுத்தர் வர்க்கத்தை. 1512-இல் இஸ்மாயில் தன் வகீலாக, அதாவது ஷாவின் பிரதிநிதியாக, இஸ்ஃபஹான்காரர் நஜ்மே சானியை வைத்து, உஸ்பெக்குகளுக்கு எதிராகப் படை நடத்தச் சொன்னார். பாபரும் அந்தப் படையோடு இருந்தார். ஒரு தாஜிக் (பாரசீக மொழி பேசும்) எழுத்தர் தங்களுக்குத் தளபதியா என்று அமீர்கள் உள்ளுக்குள் கொதித்தார்கள். குஜ்துவான் களத்தில் அவரை விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். உஸ்பெக்குகள் அவரைப் பிடித்துக் கொன்றார்கள். 1583-இல் மிர்சா சல்மான் என்ற வஜீரைக் கிசில்பாஷ்களே கொன்றார்கள். எழுபது ஆண்டு இடைவெளியில் அதே மனநிலை.

சாம்பல்குருவி

லாலா முறைன்னதும் ஞாபகம் வருது. ஹுமாயூன் பாரசீகத்துக்கு ஓடிப்போனப்ப அவருக்கு உதவினதும் இவங்கதானா?

வேல்முனை

ஆமாம். 1544-இல் ஹெராத்தில் அவரை வரவேற்று உபசரித்த ஆளுநர் தெக்கெலு குலத்துக்காரர். அவர் திரும்பும்போது தஹ்மாஸ்ப் உடன் அனுப்பிய படைக்குப் பெயரளவில் தலைவர் யார் தெரியுமா? முராத் மிர்சா என்ற கைக்குழந்தை. லாலா புதாக் கான் கஜார். 1545-இல் காந்தகார் விழுந்ததும் வாக்குப்படி அதை அந்தக் குழந்தையிடம் ஒப்படைத்தார்கள். கொஞ்ச நாளில் குழந்தை இறந்தது. ஹுமாயூன் நகரத்தைத் தனதாக்கிக்கொண்டார். பிள்ளை இல்லாவிட்டால் லாலாவுக்குப் பிடிமானம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

ஆற்றங்கரையான்

என் வாதத்துக்கு வலு சேர்த்ததற்கு நன்றி, தம்பி. இப்போது 1576-க்கு வருகிறேன். இந்தக் கதையில் என்னை மிகவும் உலுக்கும் இரவு அது.

தஹ்மாஸ்ப் ஐம்பத்திரண்டு ஆண்டு ஆண்டார். அவர் காலத்தின் பிற்பகுதியில் உஸ்தாஜ்லுகள் மறுபடி மேலே வந்து, எல்லாக் குலங்களையும்விடச் செல்வாக்கோடு இருந்தார்கள். அப்துல்லா கான் உஸ்தாஜ்லு நெடுங்காலம் ஷிர்வானை ஆண்டார். அதே காலத்தில் காக்கசஸ் படையெடுப்புகளில் பிடித்து வந்த ஜார்ஜிய, சர்க்காசியப் பெண்கள் அந்தப்புரத்தில் பெருகினார்கள். அவர்களோடு அவர்களுடைய அண்ணன் தம்பிகளும் அரண்மனைக்குள் வந்தார்கள். ஆக அடுத்த ஷா யார் என்ற போட்டியில் குலங்களோடு தாய்வழிச் சொந்தமும் சேர்ந்துகொண்டது.

ஹைதர் மிர்சாவின் தாய் ஜார்ஜியர். அவர் பக்கம் ஜார்ஜியர்களும் உஸ்தாஜ்லுகளும். உஸ்தாஜ்லு தரப்பை நடத்தியவர் ஹுசைன் பேக். எதிர்ப்பக்கம் தஹ்மாஸ்பின் மகள் பரி கான் கானும். அவர் தாய் சர்க்காசியர். அவர் மாமா ஷம்கால் சுல்தானும் ரூம்லு, அஃப்ஷார், கஜார் அமீர்களும், கஹ்கஹே கோட்டையில் இருபது ஆண்டு அடைபட்டுக் கிடந்த இஸ்மாயில் மிர்சாவை ஷா ஆக்க நினைத்தார்கள்.

1576 மே 14 இரவு தலைநகர் கஸ்வினில் தஹ்மாஸ்ப் இறந்தார். ஹைதர் உள்ளேயே இருந்தார், தானே ஷா என்று அறிவித்தார். ஆனால் அன்றிரவு அரண்மனை வாயிலில் காவல் முறை எதிர்த்தரப்புக் குலங்களைச் சேர்ந்த கூர்ச்சிகள் எனும் அரச காவல் வீரர்களுடையது. கதவைத் திறக்க மறுத்துவிட்டார்கள். ஆயுதத்தோடு திரண்ட உஸ்தாஜ்லுகள் வெளியே, அவர்களுடைய ஷா உள்ளே. கடைசியில் ஹைதர் பெண் வேடமிட்டு அந்தப்புரப் பெண்களோடு தப்பப் பார்த்தார். கண்டுபிடித்து வெட்டினார்கள். கதவை உடைத்துக்கொண்டு வந்த ஆதரவாளர்களை நோக்கி அவர் தலையை எறிந்தார்கள். அந்தக் கணத்தோடு உஸ்தாஜ்லு முயற்சி முடிந்தது. ஆயிரக்கணக்கில் ஆளும் குதிரையும் இருந்தும், பிள்ளை கையில் இல்லாததால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இஸ்மாயில் மிர்சா இரண்டாம் இஸ்மாயிலாக அரியணைக்கு வந்ததும் உஸ்தாஜ்லு அமீர்களைத் தேடிக் கொன்றார். பிறகு தன் தம்பிமாரையும். 1577 நவம்பரில் அவரும் திடீரென்று இறந்தார்.

நூலகத்தெரு

பரி கான் கானும் முடிவையும் சொல்லியிருக்கலாமே, அண்ணா. 1578 பிப்ரவரியில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றவர் கலீல் கான் அஃப்ஷார். பரி சிறுமியாக இருந்தபோது அவருக்கு லாலாவாக இருந்தவர். அரசியல் மதி மிகுந்த ஒரு பெண், தன்னை வளர்த்தவர் கையாலேயே இறந்தார். லாலா உறவைப் பாசம் என்று மட்டும் படித்துவிடக் கூடாது. அடுத்த ஆண்டு, இரண்டாம் இஸ்மாயிலுக்குப் பின் அரியணை ஏறிய அவர் அண்ணன் ஷா முகமது கோதாபந்தேயின் மனைவி, மாசந்தரான்காரரான கைருன்னிசா பேகத்தையும் அந்தப்புரத்துக்குள் புகுந்து கொன்றார்கள். ஷா ஏறத்தாழப் பார்வையற்றவர். மனைவியைக் காக்க அவரால் முடியவில்லை.

வேல்முனை

அந்தக் குழப்பத்தில்தான் முர்ஷித் குலி கான் உஸ்தாஜ்லு மேலே வருகிறார். இந்த இழையின் நாயகன் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் அவரைத்தான் சொல்வேன்.

ஷா முகமது கோதாபந்தேயின் மகன், கிழக்கே குராசான் மாகாணத்து ஹெராத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்த சிறுவன் அப்பாஸ். லாலா அலி குலி கான் ஷாம்லு. முர்ஷித் குலி மஷ்ஹதைப் பிடித்துக்கொண்டு, முதலில் அலி குலியோடு கூட்டுச் சேர்ந்தார். 1581-இல் இருவருமாக குராசானில் அப்பாஸை ஷா என்று அறிவித்தார்கள். அப்பா கஸ்வினில் ஷா, பத்து வயது மகன் குராசானில் ஷா. பிறகு கூட்டாளிகள் பகையானார்கள். 1585-இல் மஷ்ஹத் அருகே நடந்த சண்டையில் முர்ஷித் குலி வென்றார். அவர் வென்றெடுத்த பரிசு ஊரோ பொன்னோ அல்ல, பதினான்கு வயது அப்பாஸ். பிள்ளை கைமாறியது. அதோடு குராசானில் ஷாம்லுவின் செல்வாக்கு உஸ்தாஜ்லுவிடம் வந்தது.

1586 இறுதியில் பட்டத்து இளவரசர் ஹம்சா மிர்சா கொல்லப்பட்டார். மேற்கே உஸ்மானியர், கிழக்கே உஸ்பெக்குகள் நெருக்குகிறார்கள். முர்ஷித் குலி அப்பாஸைக் கூட்டிக்கொண்டு கஸ்வினுக்கு விரைந்தார். 1587 அக்டோபரில் தந்தை முடியைக் கழற்றிப் பதினாறு வயது மகன் தலையில் வைக்க, முர்ஷித் குலி வகீல் ஆனார். ஒரு உஸ்தாஜ்லு அடையக்கூடிய உச்சம் அதுதான்.

அதே சமயம் ஹெராத்தை உஸ்பெக்குகள் மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தார்கள். உள்ளே பழைய பகையாளி அலி குலி கான். உதவிப்படை அனுப்புவதை முர்ஷித் குலி இழுத்தடித்தார். 1588-இல் ஹெராத் விழுந்தது, அலி குலி மாண்டார். தன்னை வளர்த்தவரையும் பிறந்த ஊரையும் குலப்பகைக்காகப் பறிகொடுத்ததை அப்பாஸ் மறக்கவில்லை என்றே நம்புகிறேன்.

நூலகத்தெரு

1589-இல் குராசான் படையெடுப்பின் வழியில் ஷாவின் ஆணைப்படி முர்ஷித் குலி கொல்லப்பட்டார். கொன்றவர்களில் அல்லாவெர்தி என்ற ஜார்ஜியரும் ஒருவர். என்னைப் பொறுத்தவரை ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்குவதை அந்த ஆள் ஒருவரிலேயே பார்க்கலாம். குலமோ சொந்தமோ இல்லாத, ஷாவை மட்டும் நம்பிப் பிழைக்கும் குலாம், அதாவது அரச அடிமை வீரர், அவர். 1595 வாக்கில் அவரை ஃபார்ஸ் மாகாண ஆளுநர் ஆக்கினார் அப்பாஸ். தலைமுறைகளாக சுல்கதர் குலம் வைத்திருந்த மாகாணம் அது. இன்றும் இஸ்ஃபஹானில் முப்பத்து மூன்று வளைவுகளோடு நிற்கும் பாலம் அவர் பெயரில் வழங்குகிறது. அவர் மகன் இமாம் குலி கான்தான் 1622-இல் ஆங்கிலேயக் கப்பல்களின் துணையோடு போர்த்துகீசியரிடமிருந்து ஹோர்முஸைப் பிடித்தவர்.

மாகாணங்களை ஒவ்வொன்றாக ஷாவின் நேரடிச் சொத்தாக மாற்றி, அந்த வரியில் குலாம் படைக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இதைவிட முக்கியமாக, இளவரசர்களை லாலாவோடு மாகாணங்களுக்கு அனுப்பும் வழக்கமே நின்றது. பிள்ளைகளை அந்தப்புரத்துக்குள் அடைத்தார் அப்பாஸ். தன் மூத்த மகன் சஃபி மிர்சாவை 1615-இல் கொல்ல வைத்தார், வேறு மகன்களின் கண்ணைப் பறித்தார். முர்ஷித் குலி தன்னை வைத்து என்ன செய்தாரோ அதைத் தன் மகனை வைத்து இன்னொருவர் செய்துவிடக் கூடாது என்ற அச்சம். உஸ்தாஜ்லுகள் ஏறிவந்த படிக்கட்டையே எடுத்துவிட்டார். அதற்கு அரச குடும்பம் கொடுத்த விலை, உலகம் தெரியாத அடுத்தடுத்த ஷாக்கள்.

பழையசாலை

ஆற்றங்கரையாரின் கருத்தில் பாதிக்கு உடன்படுகிறேன். மறுபாதிக்கு, பின்னாளில் தானே ஷா ஆன அஃப்ஷார் தளபதி நாதிர் ஷா குறுக்கே நிற்கிறார்.

1722-இல் ஆப்கானியர் இஸ்ஃபஹானைப் பிடித்தார்கள். தப்பியோடிய இளவரசர் இரண்டாம் தஹ்மாஸ்பைத் தாங்கிப் பிடிக்க வந்த இருவர் யார்? அஸ்தராபாத் கஜார் தலைவர் ஃபத் அலி கான், அஃப்ஷார் குலத்து நாதிர். 1726-இல் ஃபத் அலி கானை ஒழித்துவிட்டு நாதிர் இளவரசரைத் தன்வசம் வைத்துக்கொண்டார். 1585-இல் மஷ்ஹத் அருகே நடந்ததுதான் மறுபடி நடக்கிறது! 1732-இல் தஹ்மாஸ்பை இறக்கிவிட்டு, சில மாதக் குழந்தையை மூன்றாம் அப்பாஸ் என்று ஏற்றி, தான் ஆட்சிப் பொறுப்பாளர் ஆனார். இதுவரை நாதிர் செய்த ஒவ்வொன்றும் பழைய லாலா வித்தை.

வேறுபாடு 1736-இல், முகான் சமவெளியில். குலத்தலைவர்களையும் பெரியோரையும் கூட்டி, அவர்கள் வாயாலேயே "நீங்களே ஷா" என்று சொல்ல வைத்தார். முர்ஷித் குலியால் ஏன் இதைச் செய்ய முடியவில்லை? மண் இல்லாததாலா? குராசானில் அவருக்குப் படையும் ஊரும் இருந்தனவே. 1587-இல் சஃபவி ரத்தத்துக்கு இருந்த புனிதம் உடையவில்லை. 1722-க்குப் பிறகு அது விரிசல் விட்டிருந்தது. என் பதில் அவ்வளவுதான்: உஸ்தாஜ்லுகள் பலமாக இருந்த காலத்தில் ஷா ஆவது நினைத்துப் பார்க்க முடியாத செயல். நினைத்துப் பார்க்க முடிந்த காலத்தில் உஸ்தாஜ்லுகள் பலமாக இல்லை.

அப்போதும் அந்தப் புனிதம் முழுவதுமாகச் சாகவில்லை. நாதிருக்குப் பின் வந்த கரீம் கான் சந்த், ஒரு சஃபவி வாரிசைப் பெயருக்கு வைத்துக்கொண்டு வகீல் என்றே ஆண்டார்.

ஆற்றங்கரையான்

ஐயா, புனிதத்தைப் பற்றிச் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் 1722-இல் பலமாக இருந்தது ஏன் கஜாரும் அஃப்ஷாரும் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறதே. அங்கே மண் மறுபடி வருகிறது. அப்பாஸ் கஜார்களைப் பிரித்து கஞ்சா, மெர்வ், அஸ்தராபாத் எல்லைகளில் குடியேற்றினார். அவர்களை வலுவிழக்கச் செய்யும் நோக்கமும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் அரண்மனைக்குத் தொலைவில், எல்லையில், ஆயுதத்தோடு இருந்ததால் குலமாகவே தப்பிப் பிழைத்தார்கள். குராசான் அஃப்ஷார்களும் அப்படித்தான். அரண்மனையை ஒட்டி வாழ்ந்த உஸ்தாஜ்லுகள் ஒவ்வொரு ஷா மாறும்போதும் வெட்டுப்பட்டார்கள்: 1527, 1576, 1589.

நாதிர் கொன்றுபோட்ட ஃபத் அலி கானின் பேரன்தான் கஜார் அரச வம்சத்தை நிறுவிய ஆகா முகமது கான். அஸ்தராபாத்தில் இருந்த சொந்தக் குலத்தை ஒன்றுசேர்க்கவே அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. கஜார்களுக்குள்ளேயே இரண்டு கிளைகள் ஜென்மப் பகையில் இருந்தன. அதைத் தீர்த்த பிறகுதான் அவரால் தெஹ்ரானுக்கு நகர முடிந்தது. அப்படி ஒன்றுசேர ஓர் இடம் 1589-க்குப் பிறகு உஸ்தாஜ்லுகளுக்கு எங்கே இருந்தது?

சாம்பல்குருவி

கஜார்களோட அந்த ரெண்டு கிளைப் பகையைத் தனி இழையா போடுங்க அண்ணா. 1747-இல் நாதிரைக் கொன்னவங்கள்ல ஒரு கஜாரும் உண்டுன்னு படிச்சேன், அதையும் சேர்த்துக்கோங்க.

ஆற்றங்கரையான்

உண்டு, முகமது கான் கஜார். அஃப்ஷார் அமீர்களும் அந்தச் சதியில் இருந்தார்கள், சொந்தக் குலத்தாரே. வாரக்கடைசியில் அஸ்தராபாத்திலிருந்து தொடங்குகிறேன். நூலகத்தெரு அக்கா, ஃபத் அலி கான் காலத்துப் பகுதியை நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.